சரஸ்வதிக்கு முன்னால் யப்பான் பாட்டு

என் மகள் பதினைந்து வயதில் பேச்சை நிறுத்தினாள். சண்டை போட்டு நிறுத்தவில்லை. கதவை அடித்துச் சாத்தி, "உங்களோடை இனிக் கதைக்கமாட்டன்" என்று சபதம் போடவும் இல்லை. அப்படிப் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு நாளில் வழிக்கு வருவாள் என்று விட்டிருப்பேன். இவள் தண்ணீர்க் குழாயை மெல்ல மெல்ல மூடுவதுபோல ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைத்து, அந்தப் புரட்டாதியில் "ஓம்", "இல்லை", "பசிக்கேல்லை" என்பதோடு நின்றுவிட்டாள்.

அப்போது நாங்கள் ஒஸ்லோவில், அம்மருட்டில், உயரமான கட்டடம் ஒன்றின் ஏழாம் மாடியில் இருந்தோம். இவர் பஸ் ஓட்டினார். எனக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. எங்கள் நாட்டுச் சமாதானத்துக்காக நோர்வேக்காரர் பறந்து பறந்து பேசிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. தமிழர் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும், பேச்சு நடக்குமா முறியுமா என்பதுதான் கதை. கோயிலில் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வீட்டு ஞாபகம் வரும். என் வீட்டில் பேச்சு முறிந்தே போயிருந்தது.

வீட்டில் ஓயாமல் கேட்ட குரல், அவளுடைய அறையிலிருந்து வந்த ஒரு யப்பான்காரனின் குரல். நாலு பேர் கொண்ட இசைக்குழு. கிற்றார், ட்ரம்ஸ், கொஞ்சம் மூக்கால் வருகிற மெல்லிய ஆண் குரல். அவள் பிறக்கும் முன்பே முதல் இசைத்தட்டை வெளியிட்டு, பிறகு ஆண்டு தவறாமல் வெளியிட்டு, நடுவில் ட்ரம்ஸ் அடித்தவர் விலகிப்போய், பல வருடம் ஒன்றுமே வராமல் இருந்து, பிறகு இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு திரும்ப வந்தவர்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பேச்சு இருந்த காலத்தில் அவளே சொன்னது. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பேன். அவள் குசினி வாசலில் நின்றுகொண்டு, எந்தத் தட்டுக்குப் பிறகு எந்தத் தட்டு, எந்தப் பாட்டு, ஒன்றிரண்டு பாட்டோடு வரும் சின்னத் தட்டில் மட்டும் இருக்கிறது, அதை ஏன் பெரிய தட்டில் சேர்க்காமல் விட்டார்கள் என்று வகுப்பு எடுப்பாள். நான் "ம்", "ம்" என்று போட்டுக்கொண்டிருப்பேன். அந்த "ம்"களில் பாதி பொய். பேச்சு நின்ற பிறகுதான், அந்த வெங்காய நேரம் எவ்வளவு பெரிய சொத்து என்று எனக்கு உறைத்தது.

கோடை விடுமுறையில் மரக்கறிக் கடையில் பெட்டி அடுக்கிச் சேர்த்த காசில், யப்பானில் பழைய சிடி விற்பவர்களிடமிருந்து இணையம் வழியாக ஒவ்வொன்றாக வருவிப்பாள். ஆரம்ப காலத்துச் சின்னத் தட்டுகள் உள்ளங்கைக்குள் அடங்கும். ஆனால் அவை வருகிற அட்டை மட்டும் நீளமாக, ஒடுங்கலாக இருக்கும். பெரிய தட்டுகள் ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு தாள் பட்டி சுற்றியிருக்கும். முதல் தடவை அதை நான் கடைக்காரன் சுற்றிய வெறும் தாள் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். அவள் குப்பை வாளிக்குள் கையை விட்டு, தேயிலைச் சக்கைக்குக் கீழேயிருந்து அதை மீட்டு, துணி ஒன்றை மேலே போட்டு அயன் பண்ணி, திரும்பச் சுற்றினாள். "அம்மா, உதுவும் தட்டிலை ஒரு பகுதிதான்" என்று மட்டும் சொன்னாள். ஒரு தாள் துண்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து அந்தத் தட்டுகளைத் தூசி தட்டும்போது மட்டும் கை தானாக மெதுவாகும்.

அலமாரியில் அவை வெளிவந்த வரிசையில்தான் நிற்கும். இன்னும் கிடைக்காத தட்டுகளுக்கு, அவை வரவேண்டிய இடத்தில் விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டிருப்பாள். சின்னத் தட்டு எல்லாவற்றிலும் கடைசியில் அதே பாட்டு குரல் இல்லாமல் இன்னொரு தடவை வரும். வாங்கினவர்கள் தாங்களே பாடிப் பார்ப்பதற்காம். தட்டு பழுதென்று நான் முதலில் நினைத்தேன். முன்பெல்லாம் அந்த இடம் வந்ததும் இவள் கத்திப் பாடுவாள். "மெல்லப் பாடடி, மேல்வீட்டு மனிசி வந்து கதவைத் தட்டப்போறா" என்று நான் குசினியிலிருந்து சத்தம் போடுவேன். பேச்சு நின்ற பிறகும் அந்தக் குரலில்லாத பாட்டைப் போடுவாள். தோய்த்த உடுப்புக் கூடையோடு நான் அவள் அறை வாசலில் நின்று காதைக் கொடுப்பேன். கிற்றார் வரும், ட்ரம்ஸ் வரும், பாட்டு முடியும். அவள் வாய் திறக்கமாட்டாள்.

இவரிடம் சொன்னால், "வளருற பிள்ளை, அப்பிடித்தான் இருக்கும், நீர் சும்மா இரும்" என்பார். நான் சும்மா இருக்கப் பிறந்தவள் இல்லை. சாதகத்தைப் பார்த்தேன், நாவூறு கழித்தேன், அவளுக்குப் பிடித்த இறால் பொரியலைச் செய்து முன்னால் வைத்துவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் என் சந்தேகமெல்லாம் அந்தத் தட்டுகளில் போய் விழுந்தது. எந்த நேரமும் புரியாத பாஷையைக் கேட்டுக்கொண்டிருந்தால் தெரிந்த பாஷை மறந்துதானே போகும் என்று என் மனம் கணக்குப் போட்டது.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத் தாதி தொலைபேசியில் கதைத்தாள். உங்கள் மகள் வகுப்பில் வாயே திறப்பதில்லை, வாய்மொழிப் பாடங்களுக்குப் புள்ளி போட முடியாமல் இருக்கிறது, இலையுதிர்கால விடுமுறையில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து உங்களையும் அவளையும் பார்க்கலாமா என்று கேட்டாள். நாளைச் சொன்னாள். நான் "ஓம், ஓம், நல்லது, நன்றி" என்று எனக்குத் தெரிந்த நோர்வேஜியச் சொல் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். பிறகுதான் சுவரிலிருந்த கோயில் நாட்காட்டியைப் பார்த்தேன். அவள் சொன்ன நாள் சரஸ்வதி பூசை.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரும்ப எடுத்து நாளை மாற்றச் சொல்லலாம்தான். மாற்றக் கேட்டால், இவர்கள் எதையோ ஒளிக்கிறார்கள் என்று நினைக்கமாட்டாளா? விடுமுறையில்கூட ஒருத்தி வேலை மினக்கெட்டு வருகிறாள் என்றால் அது வெறும் தேத்தண்ணிக்காகவா? அந்த நாட்களில் எங்கள் பெண்களிடையே ஒரு சொல்லுக்குத்தான் பெரிய பயம்: பார்ணவேர்ன். பிள்ளைக்கு வீடு சரியில்லை என்று கண்டால் பிள்ளையை எடுத்து வேறு குடும்பத்தில் விடும் அதிகாரம் உள்ள அலுவலகம். கோயில் மடப்பள்ளியில் பருப்பு அவியும்போது ஒருத்தி மெதுவாகத் தொடங்குவாள். எங்கேயோ ஒரு குடும்பமாம், முதலில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மனிசிதான் வந்ததாம், அறையைத்தான் பார்த்ததாம். மிச்சத்தை அவள் சொல்லமாட்டாள். எங்களுக்கு அது போதும். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மசாலா என்று யாரும் கேட்டதில்லை.

"இஞ்சேருங்கோ, அவை ஏன் வீட்டுக்கு வருகினம்?" என்று இவர் வேலையால் வந்ததும் வராததுமாகக் கேட்டேன்.

"பள்ளிக்கூடத் தாதிதானே. வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவா. நீர் ஏன் நெஞ்சிலை கையை வைச்சுக்கொண்டு நிக்கிறீர்?"

"உங்களுக்கு எல்லாம் லேசு. பஸ்ஸிலை ஏறி இருந்தால் வீடு மறந்துபோம். பிள்ளையின்ரை அறையைப் பாத்தால் என்ன நினைப்பா? அலமாரி முழுக்க யப்பான். ஒரு தமிழ்ப் புத்தகம் வெளியிலை தெரியுதோ? தாய் தேப்பன் கவனிக்காமல் பிள்ளையை ஆரோ தலைமயிருக்குச் சாயம் பூசின ஆக்களிட்டை விட்டுட்டினம் எண்டு எழுதமாட்டாவோ?"

"அப்ப எடுத்து ஒளியுமன்" என்று பகிடியாகச் சொல்லிவிட்டு இவர் குளிக்கப் போனார். பகிடியாகச் சொன்னது எனக்குள் போய் இருந்துகொண்டது. ஆனால் எப்படி ஒளிப்பது? அவளைக் கேட்காமல் எடுத்தால் மிச்சமிருக்கிற "ஓம்", "இல்லை"யும் போய்விடும். கேட்டு எடுத்தால், ஏன் என்று பார்ப்பாள்.

வழி காட்டியது கீழ்மாடியில் இருந்த இந்தியாத் தமிழ்ப் பிள்ளை. புருசனுக்குக் கணினி வேலை, வந்து இரண்டு வருடம்தான். நவராத்திரிக்குப் படி கட்டிப் பொம்மை வைத்து, எங்களைக் கூப்பிட்டுச் சுண்டல் தருவாள். நாங்கள் கும்பம் வைத்துக் கும்பிடுவதை அவள் வந்து ஆச்சரியமாகப் பார்ப்பாள். அவளுடைய படிகளை நான் பொறாமையோடு பார்ப்பேன். பூசைக்கு முதல் நாள் அவளிடம் வெல்லம் கடன் கேட்கப் போனபோது பேச்சு பூசைக்குப் போனது.

"நாங்க ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் வைப்போம்க்கா. போன வருஷம் இவரோட லேப்டாப், கார் சாவி, மிக்ஸி எல்லாம் வெச்சேன்" என்றாள்.

"மிக்ஸியுமோ?"

"பின்ன? மிக்ஸி இல்லாம என் பொழப்பு எங்க ஓடும்? எதை வெச்சு நாம வாழறமோ, எதுல கத்துக்கறமோ, அதெல்லாம் சாமி முன்னாடி வரணும்ல? வெச்சுட்டா மறுநாள் காலைல வரைக்கும் யாரும் தொடக்கூடாது. இவரு ஒருநாள் பூரா ஆபீஸ் மெயில் பாக்காம தவிப்பாரு."

யாரும் தொடக்கூடாது என்றது எனக்கு மணி அடித்ததுபோலக் கேட்டது. எங்களுக்கும் அதே வழக்கம்தானே. சரஸ்வதி பூசைக்குப் பிள்ளைகளின் புத்தகம், பேனை, வீணை, வயலின் எல்லாவற்றையும் முதல் நாளே அடுக்கிப் பட்டால் மூடிவிட்டால், விசயதசமி காலையில் எடுத்து ஒரு வரி வாசிக்கும்வரை தொடக்கூடாது. தட்டுகளைப் பூசைக்கு வைத்துவிட்டால்? பாட்டும் சரஸ்வதியின் சொத்துத்தான். மறுக்க முடியாது. தாதி வருகிற நேரத்தில் எல்லாம் என் பட்டுச் சேலைக்குக் கீழே கிடக்கும். வெல்லத்தை வாங்க மறந்து படி ஏறி வந்தேன்.

அன்று பின்னேரம் வரவேற்பறை மூலையில் சரஸ்வதி படத்தை வைத்து, கும்பத்தை வைத்து, மகளின் அறை வாசலில் போய் நின்றேன். "பிள்ளை, புத்தகங்களைக் கொண்டுவா. உன்ரை பாட்டுத் தட்டுகளையும் கொண்டுவந்து வை. அதுவும் கலைதானே" என்றேன். என் குரல் எனக்கே கள்ளக் குரலாகக் கேட்டது.

அவள் நிமிர்ந்து என்னை நெடுநேரம் பார்த்தாள். நான் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தேன். பிறகு எழுந்து போய், பள்ளிக்கூடப் புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்தாள். அடுத்தபடியாகத் தட்டுகளைக் கொண்டுவரத் தொடங்கினாள். ஒரேயடியாக அள்ளிக்கொண்டு வரவில்லை. பழைய சின்னத் தட்டுகள் முதலில், பிறகு பெரியவை, தாள் பட்டியில் இருந்த எழுத்து முன்னுக்குத் தெரிய, அலமாரியில் நின்ற அதே வரிசையில். விடுபட்டவற்றுக்கான இடைவெளிகளையும் அங்கே விட்டாள். இடைவெளி அசிங்கமாகத் தெரிகிறதே என்று நான் ஒரு தேவாரப் புத்தகத்தைச் செருகினேன். அவள் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு இடைவெளியைத் திரும்ப விட்டாள். நான் என் கலியாணக் கூறைச்சேலையை விரித்து எல்லாவற்றையும் மூடினேன்.

அடுத்த நாள் இவருக்கு வேலை. "கொஞ்சம் லீவு போடுங்கோவன்" என்று கெஞ்சியும், ஆள் இல்லையாம் என்று போய்விட்டார். நான் விடியற்காலையிலேயே எழும்பி அவள் அறையைத் துடைத்தேன், துடைத்ததைத் திரும்பத் துடைத்தேன். மேசையில் ஒரு பேனைகூட இல்லை. அலமாரி பளபளவென்று வெறுமையாக நின்றது. நல்ல துப்புரவு என்று திருப்திப்பட்டேன். சாம்பிராணிப் புகைக்குக் கூரையிலிருந்த எச்சரிக்கை மணி கத்தும் என்று அதற்கு ஒரு குளியல் தொப்பியை மாட்டியிருந்தேன். அதைக் கழற்ற மறந்துவிட்டேன்.

தாதி ஐம்பது வயது மதிக்கத்தக்க, குட்டையாக வெட்டிய நரைமுடியுள்ள மனிசி. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு உள்ளே வந்தாள். சிரித்த முகம். சிரிக்கிற ஆட்களுக்குத்தான் நான் கூடுதலாகப் பயப்படுவேன். தேத்தண்ணியைக் குடித்தாள், மோதகத்தைக் கடித்து "மிக நன்று" என்றாள். மகள் கதிரை நுனியில் இருந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். தாதி அவளிடம் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். தாதியின் கண் ஒரு தடவை கூரைக்குப் போய் அந்தக் குளியல் தொப்பியில் நின்றது. நான் இன்னொரு மோதகத்தை எடுத்து நீட்டினேன்.

"அவளுடைய அறையைப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நானே கதவைத் திறந்துவிட்டேன்.

தாதி அறை நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். கட்டில், மேசை, வெறும் அலமாரி. சுவரில்கூட ஒன்றும் இல்லை, அங்கே ஒட்டியிருந்த இசைக்குழுப் படங்களையும் சுவர் துடைக்கிற சாட்டில் காலையில் நான்தான் கழற்றியிருந்தேன். நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த துப்புரவு அவளுடைய முகத்தில் எப்படி விழுகிறது என்று அப்போதுதான் கண்டேன். சிரிப்பு மெல்ல இறங்கியது. ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை வாழ்கிற அறை மாதிரி அது இல்லை. யாரையோ அடைத்து வைத்திருக்கிற அறை மாதிரி இருந்தது.

"பாடப் புத்தகங்கள் எங்கே?" என்று கேட்டாள்.

என்னுடைய நோர்வேஜிய மொழி சமையலறை மொழி. உருளைக்கிழங்கு, உப்பு, சூடு, கவனம் எல்லாம் வரும். சரஸ்வதி வராது. "இன்றைக்கு அவளுக்குப் படிக்க அனுமதி இல்லை" என்றேன்.

"அனுமதி இல்லையா?"

"இல்லை. தொடவும் கூடாது."

"பொழுதுபோக்குக்கு? பாட்டு ஏதாவது கேட்பாளா? பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பாட்டில் விருப்பம் என்று சொன்னார்களே."

"பாட்டும் அனுமதி இல்லை" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. ஐயோ, நானே என் வாயால் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டேனே. தாதி கோபப்படவில்லை. மிகவும் மென்மையாக, "அவளோடு தனியாகக் கொஞ்சம் கதைக்கலாமா?" என்று கேட்டாள். அந்த மென்மைதான் என்னைக் கலங்கடித்தது. பேசாத பிள்ளையிடம் தனியாக என்ன கேட்கப்போகிறாள்? பேசாமல் இருப்பதை என்னவென்று எழுதிக்கொள்ளப்போகிறாள்? என் பிள்ளை வேறு யாரோ வீட்டுக் கதிரையின் நுனியில் கீழே பார்த்துக்கொண்டு இருப்பது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. மடப்பள்ளியில் அந்தப் பெண் சொல்லாமல் விடும் மிச்சக் கதை இதுதான் என்று நினைத்தேன்.

நான் வரவேற்பறைக்கு ஓடினேன். பூசையும் வேண்டாம், வழக்கமும் வேண்டாம். எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக் காட்டிவிட்டால், இவள் படிக்கிறவள், பாட்டுக் கேட்கிறவள், இந்த வீட்டில் எல்லாம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கும்பம் சரிந்தாலும் பரவாயில்லை என்று சேலைத் தலைப்பில் கையை வைத்தேன்.

"அம்மா, எடுக்காதேங்கோ."

முதலில் யார் சொன்னது என்றே எனக்கு விளங்கவில்லை. மகள் எனக்குப் பின்னால் நின்றாள். என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். "நாளைக்குக் காலமைதான் எடுக்கலாம். உங்களுக்குத் தெரியும்தானே" என்றாள். கரகரத்த குரல், ஆனால் அவளுடைய குரல். நான் சேலையை விட்டேன்.

பிறகு அவள், எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற தாதியின் பக்கம் திரும்பி நோர்வேஜிய மொழியில் சொல்லத் தொடங்கினாள். அது நான் பாதிதான் விளங்கிக்கொள்ளக்கூடிய வேகம். இது கற்பதற்கான தெய்வத்தின் நாள். எங்களுக்கு எதிலிருந்து அறிவு வருகிறதோ அதையெல்லாம் இன்றைக்கு இங்கே வைத்து ஓய்வு கொடுப்போம். நாளைக் காலையில் எடுத்துப் புதிதாகத் தொடங்குவோம். அதனால்தான் அறையில் ஒன்றும் இல்லை. தொப்பி சாம்பிராணிப் புகைக்காக, பின்னேரம் கழற்றிவிடுவோம். என் பாடப் புத்தகங்கள் இந்தச் சேலைக்குக் கீழே இருக்கின்றன. என் இசைத்தட்டுகளும் இருக்கின்றன.

"இசைத்தட்டுகளுமா?" என்று தாதி கேட்டாள்.

"அம்மாதான் வைக்கச் சொன்னார்."

தாதி என்னைப் பார்த்தாள். நான் கும்பத்துத் தேங்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எந்த இசைக்குழு என்று தாதி கேட்டாள். மகள் நிலத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தாதியும் கம்பளிக் காலுறையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். சேலையைத் தொடாமல், அதற்கு மேலாக விரலை நகர்த்தி நகர்த்தி, இந்த இடத்தில் முதல் தட்டு, நான் பிறக்கும் முன் வந்தது, இந்த இடத்தில் இரண்டு தட்டுகளுக்கான இடைவெளி, இன்னும் கிடைக்கவில்லை, இங்கே ட்ரம்ஸ்காரர் விலகினார், இதற்குப் பிறகு பல வருடம் ஒன்றும் வெளிவரவில்லை என்று வரிசையாகச் சொன்னாள். குசினி வாசலில் நின்று எனக்குச் சொன்ன அதே வகுப்பு. பட்டுக்குக் கீழே எது எங்கே இருக்கிறதென்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். நான் இந்த முறை ஒரு "ம்"கூடப் போடாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"அந்தப் பல வருடம் அவர்கள் என்ன செய்தார்கள்?" என்று தாதி கேட்டாள்.

"தெரியாது. பிரியவில்லை. இருந்தார்கள். கேட்பவர்கள் காத்திருந்தார்கள்."

தாதி தலையை ஆட்டினாள். பிறகு மகள் தானாகவே சொன்னாள். வகுப்பில் இதைத்தான் சொல்லப்போனாளாம். நாட்கணக்காக ஆயத்தம் செய்து, எல்லோருக்கும் முன்னால் நின்று, முதல் பாட்டைப் போட்டவுடன் வகுப்புப் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்களாம். ஒருவன் அந்தப் பாடகனின் மூக்குக் குரலைப் பழித்துக் காட்ட, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். மிச்சத்தைச் சொல்லாமல் இடத்தில் போய் இருந்துவிட்டாளாம். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே பிடிக்கவில்லையாம்.

அந்தப் பேச்சை வீட்டில் பழகிப் பார்த்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. "உந்த யப்பானைப் பற்றி ஆருக்கு வேணும்? எங்கடை நாட்டைப் பற்றிச் சொல்லன்" என்று நான் வெங்காயத்துக்கு மேலாகச் சொன்னது. அவள் அதைத் தாதியிடம் சொல்லவில்லை. சொல்லப்போகிறாள், இதோ சொல்லப்போகிறாள் என்று நான் பயந்துகொண்டே நின்றேன். சொல்லவில்லை.

தாதி போகும்போது, விடுமுறை முடிந்ததும் கிழமைக்கு ஒரு தடவை தன்னிடம் வந்து கதைக்கும்படி மகளிடம் சொன்னாள், வகுப்பு ஆசிரியரோடு தான் பேசுவதாகவும் சொன்னாள். வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே என்னிடம், "நாளைக்கு எடுக்கும்போது எதை முதலில் எடுப்பீர்கள்?" என்று கேட்டாள். "அவளைக் கேட்க வேண்டும்" என்றேன். அது சரியான பதில் என்பதுபோலச் சிரித்துவிட்டுப் போனாள். லிஃப்ட் கீழே இறங்கிப்போகிற சத்தம் முழுவதும் அடங்கும்வரை நான் கதவில் சாய்ந்துகொண்டு நின்றேன்.

பிறகு குசினிக்குள் போய்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினேன். கழுவினதையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் வந்து வாசலில், பழைய இடத்தில், சாய்ந்து நின்றாள். அவித்த கடலைச் சட்டியிலிருந்து ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டாள்.

"அம்மா."

"என்ன குஞ்சு?"

"நீங்கள் ஒளிக்கத்தான் அங்கை வைச்சனீங்கள் எண்டு எனக்கு நேற்றே தெரியும்."

கோப்பை என் கையிலிருந்து தண்ணீருக்குள் நழுவியது. "பிறகேன் பிள்ளை அவவிட்டை அப்பிடிச் சொன்னனி?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

அவள் இன்னொரு கடலையை எடுத்து மெதுவாக மென்றாள். "வைச்ச இடம் சரிதானே அம்மா. வேறை ஒருத்தரும் அதுகளை அப்பிடி ஒரு இடத்திலை வைக்கேல்லை" என்றாள்.

நான் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, வெங்காயக் கூடையை எடுத்துப் பலகையில் கவிழ்த்தேன். அன்றைய சமையல் எல்லாம் முடிந்திருந்தது, வெங்காயத்துக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு, "நாளைக்கு எதைப் பிள்ளை முதலிலை எடுக்கிறது? முதல் தட்டிலையிருந்து சொல்லு" என்றேன்.